கமராவும் கண்ணோட்டமும்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவர் அப்பொருளின் உடைமையாளர் ஆகின்றார். இது சட்டமும் வழக்கமும் ஏற்றுக்கொண்ட உண்மையாகும். ஆயின், அப்பொருளைக் கொண்டு பெறப்படுவன யாவும் அவருக்கே உரியன எனக் கொள்ளுதல் அறத்தின்பாற்படுமா என்பது வேறொரு வினா. மண்வெட்டியை வாங்கியவர் அது கொத்தும் நிலத்துக்கு உரியவராகிவிடுவதில்லை. தூண்டிலை வாங்கியவர் கடலுக்கு உரியவராவதுமில்லை. புகைப்படக் கருவியைப் பொறுத்தவரையில் மாத்திரம் இவ்வேறுபாட்டை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். கமரா என்னுடையது, ஆகவே அதிற் பதிந்த முகமும் என்னுடையது என்ற முடிவு எவ்வித ஆராய்வுமின்றி ஏற்கப்படுகின்றது. சாதாரண மாணவர் ஒருவரும் வாங்கக்கூடிய விலையில் வெளிவந்த பிலிம் கமராவை, குறிப்பாக எஸ்.எல்.ஆர். எனப்படும் ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கமராவை முன்வைத்து, இம்முடிவு எத்துணை பொருத்தமானது என நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகைப்படக் கலை அதன் தொடக்க காலத்தில் செல்வமும் ஓய்வும் உடையோரின் கையிலேயே இருந்தது. 1888இல் ஈஸ்ற்மன் வெளியிட்ட கொடாக் கமரா 100 படங்களுக்கான சுருளுடன் 25 டொலருக்கு விற்கப்பட்டது. இருட்டறை வேலையை அறியாதவரும் படமெடுக்கலாம் என்ற நிலை அதனால் உருவாகியது. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கமரா 35 மில்லிமீற்றர் பிலிமைப் பரவலாக்கியது. அப்பிலிமைப் பயன்படுத்தும் எதிரொளிப்புக் கமராவான கினே எக்ஸாக்டா 1936இல் ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரில் தோன்றியது. யப்பானில் அசாகி நிறுவனம் 1952இல் இத்துறையிற் காலடி வைத்து, 1957இல் பென்டக்ஸ் என்ற பெயரைத் தாங்கிய கமராவை வெளியிட்டது. இவ்வளர்ச்சியின் பயனைச் சாமானியரிடம் கொண்டு சேர்த்த கருவிகளாக இரண்டினைச் சிறப்பாகக் குறிப்பிடலாம். ஒன்று, மொஸ்கோவுக்கு அருகிலுள்ள கிறாஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் 1965 முதல் தயாரிக்கப்பட்ட செனித் ஈ. மற்றையது, 1976இல் வெளிவந்து 1997 வரை 21 ஆண்டுகள் தயாரிக்கப்பட்ட பென்டக்ஸ் கே 1000.

கே 1000 மலிவாக இருந்தமைக்குக் காரணங்கள் உள. தாமதித்து இயங்கும் விசை, தெளிவின் ஆழத்தை முற்கூட்டியே காட்டும் அமைப்பு முதலியன அதில் இல்லை. வேகம், துவாரம், குவியம் ஆகிய மூன்றையும் கையாலேயே சரிசெய்தல் வேண்டும். ஒளிமானிக்கு மாத்திரமே மின்கலம் தேவை. மின்கலம் தீர்ந்த பின்னரும் கமரா இயங்கும். இவை கருவியின் அமைப்புச் சார்ந்த காரணங்கள். பிறிதொரு காரணமும் உண்டு. யப்பானில் தொடங்கிய அதன் உற்பத்தி பின்னர் ஹொங்கொங்குக்கும், அதன்பின் சீனாவுக்கும் மாற்றப்பட்டது. கூலி குறைந்த இடத்தை நோக்கி உற்பத்தி நகர்தல் முதலாளித்துவப் பொருளாதாரத்தின் இயல்பு. எனவே, மாணவரின் கைக்கு எட்டிய விலையில் எங்கோ ஒரு தொழிலாளியின் உழைப்பும் அடங்கியிருந்தது. ஒரு பொருள் மலிவாகக் கிடைக்கின்றது என்றால் அதன் செலவின் ஒரு பகுதியை வேறெவரோ ஏற்றுள்ளார் எனக் கருத இடமுண்டு. படத்தைப் பொறுத்தவரையிலும் இதே நிலைதான் என்பதைப் பின்னர் காண்போம்.

கருவி பலரின் கைக்கு வந்தமை வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. தம்மைப் பிறர் படமெடுக்கக் காத்திருந்த மக்கள் தாமே படமெடுப்போராக மாறினர். ஆயின், கருவி கைமாறிய அளவில் அதனோடு ஒட்டிய உறவும் மாறியதா என்பதே நம்முன் உள்ள வினா. இதற்கு விடை காண எமது நாட்டு வரலாற்றையே நாடலாம்.

விக்ரோறியா காலத்தின் சிறந்த புகைப்படக் கலைஞருள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். அவரது குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் இங்கேயே மறைந்த அவர் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் விஞ்ஞானி ஹேர்ஷல், கவிஞர் டெனிசன், டார்வின் ஆகியோர் தத்தம் பெயருடன் வாழ்கின்றனர். களுத்துறையிலும் அதன் அயலிலும் அவர் எடுத்த படங்களில் உள்ள உள்ளூர் மக்களோ பெரும்பாலும் பெயரற்றவர்கள். 1878இல் எடுக்கப்பட்ட படமொன்று 'களுத்துறைக் குடியானவர் குழு' என்ற பொருள்படும் தலைப்பினாலேயே அறியப்படுகின்றது. அம்முகங்களை அவர் இழிவாகக் காட்டினார் என்று எவரும் கூறமுடியாது. அப்படங்களிற் கண்ணியம் உண்டு. எனினும், ஒரு சாராருக்குப் பெயரும் மறுசாராருக்கு வகைப்பெயரும் வழங்கப்பட்டதற்குக் கமராவின் வில்லை பொறுப்பன்று. தோட்ட உடைமைக் குடும்பத்தவருக்கும் தோட்டத்தில் உழைத்தவருக்கும் இடையே நிலவிய உறவே படத்தின் தலைப்பிலும் வந்து குடிகொண்டது.

நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் கடந்த பின்னரும் மலையகத்தில் நிகழ்வது யாது? கொழுந்து கொய்யும் பெண்ணின் முகம் உல்லாசப் பயண விளம்பரங்களிலும் தேயிலைப் பெட்டிகளிலும் பெயரின்றியே காட்சி தருகின்றது. இதனைக் கண்டிக்கும் கலைப்பீட மாணவர் ஒருவர், பழைய கமராவொன்றை வாங்கிக்கொண்டு அதே தோட்டத்துக்குச் சென்று, அதே பெண்ணைப் பெயர் வினவாது படமெடுத்து, 'உழைப்பு' எனத் தலைப்பிட்டுக் கண்காட்சியில் வைப்பாராயின், அவரது செயல் எவ்வகையில் வேறுபட்டது? நோக்கம் வேறாகலாம், உறவு அதுவேயாகும். சாமானியரின் கைக்கு வந்த கருவி தானாகவே சாமானியரின் பக்கம் நிற்பதில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ஒவ்வொரு முகத்துக்கும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் வரலாற்றின் மாபெரும் சாட்சியங்கள் கிடைத்திரா எனச் சிலர் வாதிப்பர். இவ்வாதம் வலுவுடையது. இதனை அதன் மிகச் சிறந்த உதாரணத்தைக் கொண்டே நோக்குவது நேர்மையாகும். 1936 மார்ச்சில், பெருமந்த காலத்தில், கலிபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிக்கும் தொழிலாளரின் முகாமொன்றில் டொரோதியா லாங் ஒரு தாயையும் அவரது பிள்ளைகளையும் படமெடுத்தார். அவர் கையாண்டதும் கிறாப்ளெக்ஸ் என்ற பெரிய எதிரொளிப்புக் கமராவே. அப்படங்கள் செய்தித்தாளில் வெளிவந்ததும் அம்முகாமுக்கு அரசாங்கம் 20,000 இறாத்தல் உணவை அனுப்பியது. பசித்தோர் உண்டனர். அதற்குள் அத்தாயின் குடும்பம் அங்கிருந்து சென்றுவிட்டது. லாங் அவரது பெயரைக் கேட்கவில்லை. புளோரன்ஸ் ஓவென்ஸ் தொம்சன் என்ற அப்பெண் யாரென்பது 42 ஆண்டுகள் கழித்து, 1978இலேயே உலகுக்குத் தெரியவந்தது. அப்படத்தால் தமக்கு எந்நன்மையும் கிட்டவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. 1983இல் அவர் நோயுற்றபோது மருத்துவச் செலவுக்காகப் பொதுமக்களிடம் உதவி வேண்ட நேர்ந்தது. 1998இல் அதே முகம் அமெரிக்க அஞ்சல் முத்திரையிற் பொறிக்கப்பட்டது.

அப்படம் லாங்குக்கும் உடைமையாகவில்லை என்பது கவனத்துக்குரியது. அவர் அரசாங்க நிறுவனமொன்றின் ஊழியராகப் பணியாற்றியமையால் அது பொதுச்சொத்தாகியது. கலைஞர் உரிமை கொண்டாடவில்லை, கூலி தவிர்ந்த இலாபம் பெறவில்லை, நோக்கமும் நல்லது, விளைவும் நல்லது. இவையனைத்தும் பொருந்தியிருந்தும் ஒரு கடன் தீராது எஞ்சிவிட்டது. மனிதரை ஒருபோதும் வெறும் சாதனமாக மாத்திரம் கொள்ளலாகாது, அவரை நோக்கமாகவும் கொள்ளுதல் வேண்டும் என்ற கான்டின் அறநெறி இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. விளைவைக் கொண்டு அறத்தை அளப்போர் லாங்கின் செயலைப் புகழ்வர், அது தவறன்று. ஆனால், முகாமுக்குச் சென்ற உணவு தொம்சனுக்குச் செலுத்தப்பட்ட கடனாகாது. பொதுநன்மை தனிமனிதருக்குரிய கடப்பாட்டை நீக்கிவிடுவதில்லை. படமெடுக்கும் செயலை அது சில வேளைகளில் நியாயப்படுத்தலாம். எடுத்த பின்னர் வரும் பொறுப்பை அது தள்ளுபடி செய்யாது. பட்டாணித் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் முகம் மலிவாகக் கிடைத்ததெனின், அதன் செலவை ஏற்றவர் அம்முகத்துக்குரியவரே.

இக்கடப்பாட்டின் தன்மையை எஸ்.எல்.ஆர். கமராவின் அமைப்பே ஒருவாறு விளக்கி நிற்கின்றது. வில்லையினூடாக வரும் ஒளி சாய்வாக அமைந்த ஆடியிற் பட்டு மேலெழுந்து, ஐங்கோண அரியத்தின் வழியே கண்ணை அடைகின்றது. தனியான சாளரத்தினூடு நோக்கும் கமராக்களில் கண் காண்பதற்கும் பிலிம் பெறுவதற்கும் இடையே சிறு வேறுபாடு உண்டு. இங்கு அவ்வேறுபாடு இல்லை. எதனைச் சட்டகத்துள் கொண்டுவந்தோம், எதனை வெளியே தள்ளினோம் என்பதை அறியேன் எனக் கூற எடுப்பவருக்கு இடமில்லை.

எனினும், பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே எழுகின்றது, திரை திறக்கின்றது, பிலிமில் ஒளி விழுகின்றது. அக்கணத்தில் எடுப்பவரின் கண்ணுக்குத் தெரிவது இருள் மாத்திரமே. ஆடி உடனே கீழிறங்கும் அமைப்பை அசாகி நிறுவனம் 1954இல் தன் கமராவிற் புகுத்திய பின்னர் இருள் நீடிக்கும் நேரம் மிகக் குறுகியது. ஆனால் இருள் நீங்கவில்லை. எந்தக் கணத்தைத் தன் படம் என்று ஒருவர் உரிமை கொண்டாடுகின்றாரோ அந்தக் கணத்தை அவர் கண்டதில்லை. அதற்கு முந்திய கணத்தைக் கண்டார். பிந்திய கணத்தைக் கண்டார். இடைப்பட்ட கணம் எதிரே நின்றவர் தந்தது.

பிலிமின் இயல்பு இதனை மேலும் ஆழப்படுத்துகின்றது. இலக்கமுறைக் கமராவில் எடுத்த படத்தை உடனே காட்டலாம். எதிரே நின்றவர் விரும்பாவிடின் அழிக்கலாம். பிலிமில் அது இயலாது. 36 படங்கள் கொண்ட சுருள் முடிந்து, இருட்டறையைக் கடந்து வரும்வரை எடுத்தவரும் அறியார், எடுக்கப்பட்டவரும் அறியார். ஆகவே, பிலிம் கமராவின் முன் நிற்க இசையும் ஒருவர், இன்னும் உருவாகாத ஒன்றுக்கு இசைவு தருகின்றார். அவ்விசைவு படத்தின்மீது வைக்கப்பட்டதன்று. எடுப்பவர்மீது வைக்கப்பட்ட நம்பிக்கையாகும். இன்று பிலிமின் விலையும் கழுவும் செலவும் மாணவருக்குச் சுமையாகிவிட்ட நிலையிலும் பழைய கமராக்களை நாடுவோர் உளர். நிறத்தின் அழகையோ பழமையின் கவர்ச்சியையோ அவர்கள் காரணமாகக் கூறலாம். பிலிமைத் தெரிந்தெடுப்பவர் பிறரது நம்பிக்கையைக் கூடுதலாகக் கடன்பெறுகின்றார் என்பதையும் அவர்கள் எண்ணிப்பார்த்தல் தகும்.

கருவியே அறத்தைக் கற்பித்துவிடும் என்பது இதன் பொருளன்று. அதே கமராவில் நீண்ட வில்லையைப் பொருத்தி, தொலைவில் மறைந்து நின்று படமெடுப்பவரும் உளர். ஆடி தரும் இருளை ஒருவர் வெறும் தொழினுட்பக் குறைபாடாகவும் கருதலாம். பார்வை அறமாவது கருவியினால் அன்று. பார்ப்பவரின் மனத்தினால் ஆகும். இங்கு தமிழ்ச் சொல்லொன்று எமக்குத் துணைபுரிகின்றது. 'கண்ணோட்டம்' என்பதை இன்று நாம் நோக்குநிலை என்ற பொருளிற் பெரிதும் வழங்குகின்றோம். திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்கு அதுவே தலைப்பு. அங்கே அதன் பொருள் கண்டவர்மேற் செல்லும் இரக்கம், தாட்சணியம் என்பதாகும். வள்ளுவர் இதனைப் பொருட்பாலில் அரசியலில், ஆள்வோருக்குரிய பண்புகளுள் ஒன்றாக வைத்தமை சிந்திக்கத்தக்கது. அதிகாரம் உடையவரின் பார்வைக்கே இவ்விரக்கம் விசேடமாகத் தேவைப்படுகின்றது. கமராவைக் கையில் எடுத்தவர் அந்நேரத்தில் எதிரே நிற்பவர்மேல் ஓரளவு அதிகாரம் பெறுகின்றார். சட்டகத்தை அமைப்பவர் அவர். கணத்தைத் தெரிபவர் அவர். பின்னர் படத்தை வைத்திருப்பவரும் அவரே. ஆகவே, நோக்குநிலை என்ற பொருளிலான கண்ணோட்டம் மாத்திரம் அவருக்குப் போதாது. பழைய பொருளிலான கண்ணோட்டமும் வேண்டும்.

இது வெறும் மனநிலையாக நின்றுவிடலாகாது. செயலில் அது என்னவாகும் என வினவினால், மூன்றினைக் கூறலாம். பெயரைக் கேட்டறிதல், மறுப்பவரின் மறுப்பை மதித்தல், படத்தின் பிரதியொன்றை உரியவரிடம் சேர்ப்பித்தல். மூன்றாவது சிறிய செயலாகத் தோன்றலாம். ஒரு முகத்தின் பிரதி எத்துணைப் பெறுமதி உடையது என்பதை அறிய விரும்புவோர் எமது வடகிழக்கை நோக்குதல் போதும். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில், தாய்மார் தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தியே வீதியோரத்தில் அமர்ந்தனர். இடம்பெயர்வுகளின்போது வீட்டையும் பொருளையும் இழந்தோர் பலரிடம் எஞ்சியது ஒரேயொரு படம். அப்படத்தை எடுத்தவர் யாரென எவரும் கேட்பதில்லை. எந்தக் கமரா, என்ன விலை என்பதும் பொருட்டன்று. அதனை எடுத்த ஒருவர் ஏதோ ஒரு நாளில் பிரதியை உரியவர் கையிற் கொடுத்தார் என்பதே பொருட்டாகின்றது.

ஆகவே, கமராவின் உடைமை கமராவோடு முடிவடைகின்றது எனத் துணியலாம். பிலிமில் விழுந்த முகம் எடுத்தவரிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருளேயாகும். அதனைக் காட்டலாம், காக்கலாம், கலையாக்கலாம். தனதெனக் கொள்ளல் தகாது. மலிவான கமரா படமெடுக்கும் ஆற்றலைப் பலருக்கு வழங்கியது. அவ்வாற்றலோடு அடைக்கலம் காக்கும் கடனும் பலருக்கு வந்து சேர்ந்துள்ளது. மலையகத் தோட்டங்களுக்கும் மீனவக் கிராமங்களுக்கும் ஆய்வின் பொருட்டும் ஆர்வத்தின் பொருட்டும் கமராவுடன் செல்லும் பல்கலைக்கழக மாணவராகிய நாம், அடுத்த முறை அங்கு செல்லுகையில் முன்பு எடுத்த படங்களின் பிரதிகளையும் உடன்கொண்டு செல்வோமாக.