கல்லை நகர்த்துகிறவன்

உபாகமம் 27-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். யோர்தானைக் கடந்தபின் ஆறு கோத்திரத்தார் கெரிசீம் மலையிலும் ஆறு கோத்திரத்தார் ஏபால் மலையிலும் நிற்க வேண்டும். லேவியர் 12 சாபங்களை உரத்துச் சொல்ல, ஜனங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொல்ல வேண்டும். அதில் மூன்றாவது, அயலானுடைய எல்லைக்குறியை நகர்த்துகிறவன்மேல் விழுவது.

அது வருகிற இடத்தைக் கவனியுங்கள். அதற்கு முன்னால் தாய் தகப்பனை அவமதிக்கிறவன். பின்னால் குருடனை வழிதப்பச் செய்கிறவன். நடுவில் இவன். எல்லைக்கல்லை நட்டவர்கள் முன்னோர்கள். அதைப் பெயர்க்கிறவன் அவர்களை அவமதிக்கிறான். விடிந்ததும் தன் நிலம் என்று நம்பி ஏரோட்ட வருகிற அயலானையோ குருடனாக்குகிறான். கதிரை அறுத்துக்கொண்டு போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். கல் ஒரு முழம் நகர்ந்தது யாருக்குத் தெரியும்? சாட்சியில்லாத பாவம் அது. அதனால்தான் சபை முழுவதையும் நிறுத்தி ஆமென் சொல்ல வைத்தார்கள். கல்லை நகர்த்தியவனும் அந்தக் கூட்டத்தில் நின்று, தன் வாயாலேயே ஆமென் சொல்லியிருப்பான்.

நம் நாட்டாரும் எல்லையை இப்படித்தான் மதித்தார்கள். ஆவடியிலிருந்து அரக்கோணம் ரயிலில் போனால் திருவாலங்காடு வருகிறதே, அந்த ஊர்ச் செப்பேடுகள் 1905-இல் கிடைத்தன. ராஜேந்திர சோழன் பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்தபோது, பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்ட செய்தி அவற்றில் இருக்கிறது. ஊரே பார்க்க வகுத்த எல்லை!

ஆனால் வேதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. லேவியராகமம் 25-இல் தேசம் என்னுடையது என்கிறார் கர்த்தர். ஜனங்கள் அவரிடத்தில் பரதேசிகள், குடியிருப்பவர்கள், அவ்வளவுதான். பட்டா நம் பேரில் இருக்கலாம், மூலப்பத்திரம் அவர் கையில். நீதிமொழிகள் 23 குறிப்பாகத் தகப்பனில்லாப் பிள்ளைகளின் நிலத்தைச் சொல்லி, அவர்களுக்காக வழக்காட வல்லமையுள்ள மீட்பர் ஒருவர் இருக்கிறார் என்று எச்சரிக்கிறது. பலவானுக்குக் கல் தேவையில்லை, அவன் ஆள்பலத்தாலேயே தன் நிலத்தைக் காத்துக்கொள்வான். கல்லை நம்பி இருப்பது விதவையும் அனாதையும்தான்.

நாம் வாழும் இந்தப் பக்கத்தை யோசித்துப் பாருங்கள். அம்பத்தூர், கொரட்டூர், அயனம்பாக்கம், பருத்திப்பட்டு, எல்லாம் ஏரியை நம்பி வாழ்ந்த ஊர்கள். தண்ணீருக்கும் ஓர் எல்லை இருந்தது. அதை யார் யாரோ கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினார்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் தன் இடத்தைத் தேடி வந்தது. இடுப்பளவு நீரில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றவர்களைக் குற்றம் சொல்லாதீர்கள். கல்லை நகர்த்தி மனை போட்டு விற்றவன் வேறு. நகையை விற்று, கடன் வாங்கி அந்த மனையை நம்பி வாங்கியவர்கள் வேறு. குருடனை வழிதப்பச் செய்கிறவன் என்று அடுத்த சாபம் சொல்கிறதே, அதுதான் இது.

கல்லை நகர்த்தும் இன்னொரு விதமும் உண்டு, அது நம் வீட்டுக்குள் நடப்பது. எண்ணாகமம் 27-இல் செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள், கூடார வாசலில் மோசேக்கு முன்பாக வந்து நிற்கிறார்கள். எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லாததினால் எங்கள் பங்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்றார் கர்த்தர். நாமோ, சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்றே என்று சொல்லி, ஒரு நல்ல நாள் பார்த்து அக்காவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுதலைப் பத்திரத்தில் கைரேகை வாங்கிவிடுகிறோம். வெளியே வந்ததும் ஒரு புடவை எடுத்துக் கொடுக்கிறோம். அவள் மனசார விட்டுக்கொடுத்தாளா, அண்ணன் தம்பி உறவு போய்விடுமே என்று பயந்து கொடுத்தாளா? அப்படிப் பத்திரம் வாங்கியவர்கள் இந்தச் சபையிலும் இருக்கக்கூடும். அடுத்த ஞாயிறு திருவிருந்துக்கு வருமுன் அக்கா வீட்டுக்குப் போங்கள். அந்தப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.