கணக்கும் பற்றும்

துணியில் நூலைக் குத்தும் டஃப்டிங் துப்பாக்கியால் கம்பளம் செய்கிறவள் நான். பலனில் பற்று வைக்காதே என்கிறது கீதை. அப்படியென்றால் நூலை முன்கூட்டியே கணக்கிடுவதும் பற்றுதானா? இல்லை என்றே நம்புகிறேன்.

முதலில் 10 செ.மீ. சதுரத்தில் நூல் குத்தி மாதிரி பார்ப்பேன். அதற்கு 30 கிராம் கம்பளி நூல் பிடித்தால், சதுர மீட்டருக்கு 100 மடங்கு, 3 கிலோ. கத்தரிப்புக் கழிவுக்கு 10 சதவீதம் கூட்டுவேன். கம்பளத்தின் இழை உயரம் கூடினால் எடையும் ஏறும். நூல் பாதியில் தீர்ந்துவிட்டால், அடுத்த முறை சாயமிட்ட நூலில் அதே சிவப்பு கிடைப்பது அரிது. அதிகம் வாங்கினாலோ ஆட்டின் ரோமமும் சாயமிட்டவர் உழைப்பும் அலமாரியில் வீணாகும்.

ஆகவே கணக்கு கடமையின் பகுதி. கம்பளம் புகழ் தருமா என்று ஏங்கும்போதுதான் பற்று தொடங்குகிறது. தராசை எடுத்து ஒழுங்காக எடைபோடுங்கள், அதுவும் வழிபாடுதான்.