மழைக்கு அஞ்சும் மனம்

1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட முதியோர் பலருக்கு இன்றும் காற்று இரைந்தால் உறக்கம் வராது. 2025 நவம்பரில் டித்வா புயலின் வெள்ளமும் மண்சரிவும் நாடெங்கும் 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. அவ்வச்சம் இப்போது இளையோரையும் பற்றியுள்ளது.

இது கோழைத்தனமா? அன்று. வயலையும் குளத்தையும் நேசித்தவனுக்கே அவை அழிவது நோகும். அவனிடம் “எல்லாம் ஊழ்வினை” என்று கூறி நகர்வது ஆறுதலன்று, வாயடைப்பு. (வினை என்பதற்குச் செயல் என்றும் பொருளுண்டு, அது பலருக்கு வசதியாக மறந்துவிடுகிறது.)

குளக்கட்டில் மண்மூட்டை அடுக்கும் சிரமதானத்தில், மடத்தில் ஒரே கிடாரத்துக் கஞ்சியைப் பகிரும்போது, விதைநெல்லை இழந்தவன் தானாகவே பேசத் தொடங்குகிறான். அடுத்த மாரியில் எந்த வீட்டு முதியவரை யார் தூக்கிச் செல்வது என்ற பேச்சும் அங்கேதான் எழுகிறது.