வீட்டுவேலையும் அரச மானியமும்: ஓர் அறநோக்கு

வேலையின்மை ஒரு நாட்டின் பொருளாதார நோய். அந்நோய்க்கு அரசு அளிக்கும் மருந்தைக் கொண்டு அந்நாட்டின் அறவுணர்வையும் அறிந்துகொள்ளலாம். வீட்டுவேலைகளுக்கு மானியம் வழங்கி வேலைவாய்ப்பைப் பெருக்குதல் ஐரோப்பிய நாடுகள் சில கைக்கொண்ட மருந்தாகும். பெல்ஜியத்தில் 2004 முதல் குடும்பங்கள் சேவைச் சீட்டுக்களை வாங்கி, துப்புரவு, துணி தேய்த்தல் முதலிய வேலைகளுக்குக் கூலியாகக் கொடுக்கின்றன. செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்கின்றது. சுவீடனில் 2007 முதல் இத்தகைய வேலைக்கான கூலியிற் பாதியை, ஓர் உச்சவரம்புக்குட்பட்டு, வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

இத்திட்டங்களை ஆதரிப்போரின் வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. மறைவாக நடைபெற்ற வேலை சட்டத்தின் ஒளிக்கு வருகின்றது. கல்வித் தகைமை குறைந்த பெண்களுக்கு ஒப்பந்தமும் சமூகப் பாதுகாப்பும் கிடைக்கின்றன. ஆயினும் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஆந்த்ரே கோர்ஸ் 1980களிலேயே இதற்கு மறுப்புரைத்தார். ஒருவர் தாமே செய்யக்கூடிய வேலையைப் பிறர்மேற் சுமத்தி, அதனால் மிஞ்சும் நேரத்தைத் தாம் அனுபவிக்கும் சமுதாயம், ஏவுவோர் என்றும் ஏவல் செய்வோர் என்றும் பிளவுபடும் என்பது அவர் கருத்து.

இவ்வினா நமக்குப் புதிதன்று. கற்பிட்டிக் கரையில் இது வேறோர் உருவில் வாழ்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்க, மீன்பிடித்தொழில் தளர்ந்துவிடும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பலரும் இப்பிரதேசத்தில் வந்து தங்கினர். வேலை தேடும் கைகள் பெருகின. வேலை கிடையாத வீடுகளின் பெண்கள் பலர் மத்திய கிழக்கு நாடுகளின் சமையலறைகளை நாடிச் சென்றனர். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இப்பயணத்துக்குப் பதிவும் பயிற்சியும் வழங்கிவருகின்றது. வேலையின்மைக்கு வீட்டுவேலையையே மருந்தாக நாமும் ஏற்றுக்கொண்டோம். வீடு மாத்திரம் பிறர் நாட்டில் இருந்தது.

என் அயலில் ஒரு தாய் அவ்வாறு சென்றார். அவர் அனுப்பிய பணத்தில் ஓலைக் குடிசை கல்வீடாயிற்று. ஆனால் தம்பியரைக் குளிப்பாட்டவும் சோறாக்கவும் மூத்த மகள் பதினான்காம் வயதிற் பாடசாலையை விட்டு நின்றாள். அத்தாயின் உழைப்பை ஒருவரும் குறைகூறல் ஆகாது. எனினும் அவ்வேலைவாய்ப்புக்கு உண்மையில் மானியம் வழங்கியவர் யார்? அரச திறைசேரியா? அன்று, அச்சிறுமி. அவள் கொடுத்த மானியம் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதப்படவில்லை.

வீட்டுவேலைக்கு மானியம் எப்பொழுதும் உண்டு என்பதே இதனாற் பெறப்படும் உண்மை. ஐரோப்பாவில் அதனைப் பொதுப்பணம் செலுத்துகின்றது. இங்கோ பேத்தியும் பாட்டியும் தம் காலத்தைக் கொடுத்துச் செலுத்துகின்றனர். எனவே மானியம் வேண்டுமா, வேண்டாமா என்பது அறவினாவாகாது. அதனைச் செலுத்துபவர் யார், அதனாற் சுமை குறைபவர் யார் என்பனவே கேட்கத்தக்க வினாக்கள்.

நம் அரசு இச்சுமையை அறியாததன்று. 2013இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வீட்டுப்பணிக்கு வெளிநாடு செல்வதை அது தடுத்தது. 2022இல் அவ்வயதெல்லையை இரண்டாகக் குறைத்தது. தடையால் வறுமை தீரவில்லை. தளர்வினாற் பிள்ளைக்குப் பாதுகாவலர் கிடைத்துவிடவுமில்லை.

ஆதலின், பொதுப்பணம் செலவிடப்படுமாயின் அது முதலிற் கிராமந்தோறும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் செல்லவேண்டும். அங்கு பணிபுரியும் பெண்ணுக்கு மாதச் சம்பளமும் சேமலாப நிதியும் வேலைநேர வரையறையும் இருத்தல் வேண்டும். வசதியுள்ள வீட்டின் தரையைத் துடைப்பதற்கு வறியோர் செலுத்தும் வரியிலிருந்தும் உதவுவது நீதியாகாது. வறிய வீட்டின் பிள்ளை பாடசாலை செல்வதற்கு உதவுவது நீதியாகும். வேலையும் பெருகும், ஏவல் பெருகாது.

அச்சிறுமி இன்று ஒரு தாய். அவளும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாள் என்று கேள்வியுற்றேன். அவளுடைய மூத்த மகளுக்குப் பதினொரு வயது. நாம் ஆராயும் வினாவுக்கு விடை காண்பதற்கு எஞ்சியிருக்கும் காலம் அதிகமில்லை.