சாயம் பூசியவனின் பங்கு

ஒருவன் இன்னொருவனின் கோதுமையை அபகரித்து அரைத்து மாவாக்கிவிட்டான். மாவு யாருக்கு? பிக்ஹு நூல்களில் 'கஸ்ப்' பற்றிய அத்தியாயத்தில் வரும் பழைய கேள்வி இது. பொருளின் பெயரும் பயனும் மாறிவிட்டதால் மாவு அரைத்தவனுக்கே என்பது ஹனபி இமாம்களின் முடிவு. ஆனால் கோதுமைக்குரிய ஈட்டை அவன் கொடுத்தாக வேண்டும். கொடுக்கும்வரை மாவை அனுபவிக்கவும் கூடாது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் மாவு கோதுமைக்காரனுக்குத்தான். அரைத்தவன் கூலி கேட்க முடியாது. அரைத்ததால் மதிப்புக் குறைந்திருந்தால் அந்தக் குறைவையும் அவனே கொடுக்க வேண்டும்.

இந்தக் கேள்வியை நான் ஏட்டில் படித்ததைவிட எனது பின்விறாந்தையில் கிடக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினில்தான் அதிகம் படித்தேன். அது ஹொண்டா எம்.டி. 90. ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்யப்பட்டு, அங்கே பாவித்த பின் இங்கே வந்த சிவப்பு வண்டியின் எஞ்சின். அதன் சிலிண்டர் நிமிர்ந்து நிற்காது, முன்பக்கமாகப் படுத்திருக்கும். தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை. எதிரே வரும் காற்றுத்தான் சூட்டை எடுத்துப்போக வேண்டும். அதற்காகத்தான் சிலிண்டரைச் சுற்றிச் செட்டை செட்டையாகத் தகடுகள்.

2011இல் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் மச்சான் ஒருவரிடம் அதை நிறைக்கு வாங்கினேன். வன்னியிலிருந்து லொறி லொறியாக இரும்பு வந்துகொண்டிருந்த காலம். மீளக்குடியேறிய எம்மவர் பலருக்கு அந்த வியாபாரம்தான் முதல் சோறு போட்டது. குவியலில் சைக்கிள் றிம்கள், தையல் மெசின் கால்கள், தோட்டத்துக்கு நீர் இறைத்த எஞ்சின்கள் எல்லாம் கிடந்தன. 2009இல் நந்திக்கடல் பக்கமாக ஒதுங்கிய சனம் கடைசிவரை உருட்டிக்கொண்டு போய், முடியாத கட்டத்தில் விட்டுவிட்டுப் போன பொருட்கள் அவற்றில் எத்தனையோ. "மச்சான், காசு குடுத்துத்தானே வாங்கினது. கேக்க ஒருத்தரும் வரேல்லையே" என்றார் அவர். அவர் நல்ல மனிதர். தொழுகை தவறாதவர்; தராசில் ஒரு கிராம் ஏமாற்ற மாட்டார். அதனால்தான் அவரது வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை.

ஆனால் நாங்கள் யார்? 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள். திரும்பி வந்து பார்த்தபோது சோனகத்தெருவில் பல வீடுகளுக்குக் கதவு இல்லை, நிலை இல்லை, ஓடு இல்லை. அவற்றையும் யாரோ காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பார்கள். "எண்ட மெசின் எந்த வீட்டில தைச்சுக்கொண்டு இருக்குதோ" என்று என் உம்மா மௌத்தாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். காசு கொடுத்து வாங்கியவனிடம் என்ன நியாயம் இருக்கிறது என்று புத்தளத்து முகாம்களில் எத்தனை இரவுகள் பேசியிருப்போம்! அன்று நாம் சொன்ன பதில் 2011இல் நமது தராசுக்கு முன்னால் மாறிவிட முடியுமா?

எஞ்சினைக் கழற்றத் தொடங்கியது 2020இல், ஊரடங்கு நாட்களில். பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. பிளக் துளைக்குள் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி மூன்று கிழமை விட்டேன். பிறகு மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டித் தட்டி எடுத்தேன். இந்த வேலையில் அவசரக்காரனுக்கு இடமில்லை. ஓங்கி அடித்தால் வார்ப்பு வெடிக்கும், செட்டை முறியும்.

தலையைக் கழற்றியபோது இரண்டு கேஸ்கட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கம்பனி வைப்பது ஒன்றைத்தான். என்னோடு படிப்பிக்கும் தமிழ் ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "சேர், இது மண்ணெண்ணெயில ஓடின எஞ்சின்" என்றார். நான் காணாத காலம் அது. 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை. ஒரு சிறு போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். மண்ணெண்ணெய் இருக்கவேண்டிய நேரத்துக்கு முன்பே பற்றி உள்ளே இடிக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் இடி குறையும். அதற்குத்தான் இரண்டாவது கேஸ்கட். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் அந்தக் காலத்தைத் தாண்டி வந்ததும் அவற்றின் அழுத்தம் இயல்பாகவே குறைவு என்பதால்தான். 2022இல் கியூஆர் அட்டையோடு வாரத்துக்கு நாலு லீற்றருக்கு வரிசையில் நின்றபோது நம்மில் சிலர் உலகமே அழிந்ததுபோலப் பேசினார்கள்!

பிஸ்டனின் தலையில் 0.50 என்று பொறித்திருந்தது. இந்த எஞ்சினின் துளை புதிதில் 50 மில்லிமீற்றர். அது தேயும்போது லேத்தில் போர் அடித்துக் கால் மில்லிமீற்றர் கூடிய பிஸ்டன் போடுவார்கள். பிறகு அரை, முக்கால், கடைசியாக ஒன்று. அதற்கும் மேலே ஸ்லீவ்தான். அதாவது எனக்கு முன்பே ஒருவர் இந்த எஞ்சினைத் திருத்தியிருக்கிறார். பெற்றோல் இல்லாத ஊரில், உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில், கையால் கேஸ்கட் வெட்டிப்போட்டுக் காப்பாற்றியிருக்கிறார். செத்துக்கிடந்ததை நான் உயிர்ப்பித்தேன், அதனால் எனக்கு உரிமை உண்டு என்று யாராவது வாதிட்டால், அந்த உரிமை அவருக்குத்தான் முதலில் வரும்.

உயிர்ப்பித்தல் என்ற வாதத்துக்கும் மார்க்கத்தில் ஓர் அடிப்படை உண்டு. தரிசு நிலத்தை உயிர்ப்பித்தவனுக்கு அது சொந்தமாகும். ஒரு மௌலவி நண்பர் எனக்காக இதையே எடுத்துச் சொன்னார். ஆனால் அது ஒருபோதும் ஒருவருக்கும் உடைமையாக இல்லாத நிலம் பற்றியது. முன்பு குடியிருந்து, இப்போது ஆள் தெரியாமல் கிடக்கும் நிலம் தரிசு அல்ல, காணாமற்போன சொத்து. காடு பற்றிவிட்டது என்பதற்காக வளவு காடாகிவிடாது. யாழ்ப்பாண முஸ்லிமுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாட்டின் சட்டமும் நிலத்தின் விடயத்தில் இதை ஒருவாறு ஏற்றுக்கொண்டது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் ஆண்டவனுக்குக் காணி உரிமையாகலாம். 1983 மே மாதத்துக்கும் 2009 மே மாதத்துக்கும் இடையில் ஆயுதக் குழுக்களின் செயலால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலம் ஓடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சொன்னது. நல்ல சட்டம். ஆனால் அது அசையாச் சொத்துக்கு மட்டும். தையல் மெசினுக்கும் எம்.டி. 90க்கும் அதில் ஒரு வரியும் இல்லை. ஏழையின் சொத்து பெரும்பாலும் அசையும் சொத்துத்தான்; அதை மனச்சாட்சியிடம் விட்டுவிட்டார்கள்.

அடுத்தது மெருகு. பளபளவென்று தேய்த்த எஞ்சினுக்கு இப்போது நல்ல கிராக்கி. அலுமினியத்தைக் கண்ணாடிபோல ஆக்கிவிடுவார்கள். ஹொண்டா இதை அப்படி அனுப்பவில்லை; மூடிகளுக்கு வெள்ளிச்சாயம் பூசித்தான் அனுப்பியது. செட்டைகளுக்கு இடையில் சாயத்தைத் தடிப்பாக அடைத்தால் பார்க்க அழகு, ஆனால் சூடு வெளியே போகாது. இன்னொன்றும் உண்டு. அளவுக்கு மிஞ்சித் தேய்த்தால் பொறித்த எண் மங்கிவிடும். சிலர் அதற்காகவே தேய்க்கிறார்கள் என்பதும் கராஜ் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். நபியவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையைவிட்டு, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நமக்குத் தெரியும். ஈரம் குற்றமல்ல, மழை நனைத்தது. அதை மூடியதுதான் குற்றம். எனது எஞ்சினில் ஒரு செட்டை பாதி முறிந்திருக்கிறது. பசை வைத்து அடைத்துச் சாயம் பூசினால் ஒருவருக்கும் தெரியாது. அப்படியே விட்டிருக்கிறேன். சூடு தாங்கும் சாயத்தை மெல்லியதாக ஒரு தரம் பூசினேன். எண்ணின் மேல் கடதாசி ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பூசினேன்.

சாயத்துக்கும் நமது மத்ஹபில் தனிச் சட்டம் இருப்பது பிறகுதான் தெரிந்தது. அபகரித்த துணிக்கு ஒருவன் தன் சாயத்தை ஏற்றினால், பிரிக்க முடிந்தால் பிரித்து எடுக்க வேண்டும். முடியாமல் மதிப்பும் கூடியிருந்தால் இருவரும் அதில் பங்காளிகள். உழைப்புக்கு ஒன்றும் இல்லை, சாயத்துக்குப் பங்கு உண்டு. எனது எஞ்சினுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. 0.75 பிஸ்டன் என்னுடையது. அது ஓடும் துளை அவருடையது. றிங், கேஸ்கட், எண்ணெய் சீல் கழற்றி எடுக்கக்கூடியவை, எனவே என்னுடையவை. போர் அடித்தபோது சுரண்டிப்போன இரும்பு அவருடையது, அது திரும்பி வராது.

கண்டெடுத்த பொருளை ஒரு வருடம் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். இது கண்டெடுத்ததல்ல, வாங்கியது என்றாலும் எஞ்சின் எண்ணை எழுதித் தெரிந்த மூன்று கராஜ்களில் ஒட்டினேன். ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒருவர் மட்டும் வந்தார். அறுபது வயதிருக்கும். ஈரம் பட்டு ஒட்டிப்போன பதிவுப் புத்தகம் ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இரண்டு பேருமாக எண்ணை மூன்று தரம் ஒப்பிட்டுப் பார்த்தோம். பொருந்தவில்லை. தேத்தண்ணி குடித்தார். "ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ சேர்" என்றார். இரும்புத் தாங்கியில் பூட்டியிருந்த எஞ்சினை உதைத்து இயக்கினேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றவர், நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

உடையவர் இனிக் கிடைக்கவே மாட்டார் என்று உறுதியான பொருளை அவர் பேரால் பொதுநன்மைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது இமாம் கஸ்ஸாலி போன்றோரின் வழிகாட்டல். மௌலவி நண்பர் அந்தக் கட்டம் வந்துவிட்டது என்கிறார். மச்சான் நல்ல விலைக்கு ஆள் இருக்கிறது என்கிறார். இப்போதைக்கு அது தாங்கியிலேயே இருக்கிறது. அந்தப் பழைய கேஸ்கட்கள் இரண்டையும் ஒரு பால்மாப் பேணியில் போட்டு அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். மூன்று கராஜ் கடதாசிகளையும் சென்ற மாதம் புதிதாக எழுதி ஒட்டினேன்.