எண்ணிக்கையும் பாவமும்

ஒருவனைக் கொன்றவன் பாதகனென்றும், லட்சம் பேரைக் கொல்வித்தவன் வீரனென்றும் உலகம் தீர்ப்பளித்து வருமாயின், பாவத்தின் தன்மை எண்ணிக்கையைப் பொறுத்ததுதானா என்ற கேள்வி சிந்திக்கும் எவனையும் வாட்டாமலிராது. இக்கேள்வியை நகைச்சுவையின் வாயிலாக எழுப்பத் துணிந்தவர் சார்லி சாப்ளின். 1947-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘முசியே வெர்டூ’ என்ற திரைப்படம் அவருடைய மற்றச் சிருஷ்டிகள் எவற்றிற்கும் தாழ்ந்ததன்று என்பது என் திடமான நம்பிக்கை. ஆனால், தடியும் கிழிந்த காலணியுமாகத் தள்ளாடிவந்த நாடோடியைக் கண்டு மகிழ்ந்து பழகிய அமெரிக்க ஜனங்கள், அவரே நேர்த்தியாக உடுத்த கொலைகாரனாகத் தோன்றியதைச் சகிக்கவில்லை. ஜேம்ஸ் ஏஜியைப் போன்ற வெகு சில விமர்சகர்களே அதன் பெருமையை உணர்ந்து எழுதினார்கள்.

பெண்கள் பலரை மணப்பதாக வஞ்சித்துக் கொன்று, பிரான்ஸில் 1922-இல் சிரச்சேதம் செய்யப்பட்ட லாண்ட்ரூவின் வரலாறே கதைக்கு வித்து. அதைப் படமாக்கும் யோசனையைத் தந்தவர் ஆர்ஸன் வெல்ஸ். சாப்ளினின் வெர்டூவோ, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாங்கியில் உழைத்துப் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த குமாஸ்தா. நடக்கவியலாத மனைவியையும் சிறு மகனையும் காப்பாற்றுவதன் பொருட்டு, பணமுள்ள பெண்களை மணந்து கொல்வதை ஒரு வியாபாரமாகவே நடத்துகிறான்.

தொடக்கத்தில் அவன் தோட்டத்தில் ரோஜா மலர் கொய்கிறான். பின்புறத்துக் குப்பை எரிக்கும் உலையிலிருந்து கரும்புகை எழுந்தவண்ணம் இருக்கிறது. எரிவது இன்னதென்று நாம் ஊகித்து நடுங்கும் அத்தருணத்தில், காலடியில் ஊரும் கம்பளிப்பூச்சி மிதிபட்டுவிடுமே என்று பதைத்து, அதை மெல்ல எடுத்து அப்பால் விடுகிறான். புழுவுக்கு இரங்கும் நெஞ்சிலேயே கொலைக்கும் இடமிருக்கக்கூடும் என்பதை எந்த உபதேசமும் இவ்வளவு கூர்மையாக எனக்கு உணர்த்தியதில்லை. இறந்தவளின் பணம் கைக்கு வந்ததும் அவன் விரல்கள் பழைய குமாஸ்தாவின் மின்னல் வேகத்தில் நோட்டுகளை எண்ணுகின்றன. உயிர்களும் அவனுக்கு அவ்வாறே தொகைகளாகிவிட்டன.

ஹிரோஷிமா அழிந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறையாத அக்காலத்தில், பேரழிவு ஆயுதங்களைச் செய்து குவிக்கும் உலகத்தின் முன் தான் வெறும் கற்றுக்குட்டியே என்று வெர்டூ நியாயஸ்தலத்தில் சொல்கிறான். சிறையிலோ, எண்ணிக்கை பெருகினால் கொலையும் புனிதமாகிவிடுகிறது என்கிறான். உலகத்தின் மீது அவன் சாட்டும் குற்றம் முற்றிலும் மெய்யே. ஆயினும் அயலான் பாவம் மலையளவென்று காட்டிவிட்டால் நம்முடைய பாவம் கரைந்துபோவதில்லை. கோடிக் கொலையைக் கணக்கிட்டுப் போற்றும் தேசங்கள் எந்தக் கணக்கில் ஏமாந்தனவோ, அதே கணக்கைக் காட்டித்தான் அவனும் தப்பப் பார்க்கிறான்.

இதற்கு மறுமொழி அப்படத்திலேயே இருக்கிறது. புதிய விஷமொன்றைச் சோதிப்பதற்காக, சிறையிலிருந்து வெளிவந்து மழையில் ஒதுங்கி நின்ற திக்கற்ற பெண்ணொருத்தியை வீட்டுக்கு அழைத்துவந்து, உணவோடு விஷம் கலந்த மதுவையும் வைக்கிறான். போரில் ஊனமுற்று, தன்னையே முழுதும் நம்பியிருந்து இறந்த கணவனுக்காகத் தான் கொலையும் செய்திருப்பேன் என்று அவள் சொல்லக் கேட்டதும், மதுவில் தக்கைத் துகள் விழுந்திருக்கிறதென்று சாக்குச் சொல்லி அக்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வேறொன்றைத் தருகிறான். பின்னரும் அவன் கொலையை விட்டானல்லன். எனினும் அந்த ஒரு கணத்தில் எதிரே இருந்தவள் தொகையாக அன்றி உயிராகத் தென்பட்டாள். தென்பட்டதும் கை தானே பின்வாங்கிவிட்டது.

ஆகையால், தண்டனை நாளில் வந்த பாதிரியாரிடம், கடவுளோடு தனக்குச் சமாதானமே, பிணக்கு மனிதனோடுதான் என்று அவன் கூறுவதை நான் ஏற்கவில்லை. மனிதனோடு பிணங்கியவன் கடவுளோடு இணங்கியிருத்தல் இயலாது; ஏனெனில் கடவுளின் சந்நிதியில் உயிர்கள் கூட்டித் தொகையிடப்படுபவை அல்ல, ஒவ்வொன்றும் தனித்தனியே முழுமையானது. ஒரு கொலையும் கோடிக் கொலையும் அங்கே சிறிது பெரிதென்று நிறுக்கப்படுமோ, அறியேன். ஒன்று மற்றொன்றுக்குச் சமாதானம் ஆகாது என்பது மட்டும் நிச்சயம்.