நோய் வருமுன் மருந்து

நோய் இன்னும் வராதவருக்கு, வரக்கூடும் என்பதற்காகவே மருந்து எழுதித் தருவது முறையா? நீரிழிவின் முன்நிலை எனப்படுவது இக்கேள்வியைப் பலரது இல்லத்திற்கும் கொண்டுவந்துள்ளது. நம் நாட்டில் இந்நிலையில் உள்ளோர் 13.6 கோடி என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் கணித்தது.

அந்த எல்லைக்கோடே நிலையானதன்று. வெறும் வயிற்றில் சர்க்கரை 110 என்றிருந்த வரம்பை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2003-இல் 100 ஆகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் பழைய வரம்பையே கைக்கொண்டது. 105 உள்ளவர் ஒரு கணக்கில் நலமானவர். மறு கணக்கில் எச்சரிக்கைக்குரியவர்.

மருந்து பயனற்றது என்று கூறிவிடவும் இயலாது. சர்க்கரை நீர் பருகிய பின் செய்யும் சோதனையில் அளவு மிகுந்திருந்த 531 பேரைச் சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு அடைந்தனர். மெட்ஃபார்மின் உண்டோரில் ஏறத்தாழ 40 பேர். உணவையும் நடையையும் சீர்செய்தோரில் 39 பேர். இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடித்தோரிடமும் அவ்வெண் மேலும் குறையவில்லை.

அவ்வாறாயின் நடந்தாலே போதுமே என்போம். நடப்பதற்கு நேரம் வேண்டும். பகலெல்லாம் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து, இரவில் அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம் அதை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! அவருக்கு விலை குறைந்த அந்த மாத்திரை ஒரு நியாயமான உதவியாகலாம். கருவுற்றிருந்தபோது நீரிழிவு கண்ட பெண்களுக்கும், உடல் மிகப் பருத்தவர்களுக்கும் அது நடைக்கு இணையாகப் பயன் தந்ததை அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று காட்டியது. எனினும் வயிற்றுத் தொல்லையும், நெடுநாள் உண்டால் பி12 உயிர்ச்சத்துக் குறைவும் நேரலாம்.

என் மனச்சான்றை உறுத்துவது மாத்திரையன்று, அது தரப்படும் விதமே. வெளியே வரிசை நீண்டிருக்கையில், பேச வேண்டிய அரைமணிக்கு ஈடாக மருந்துச்சீட்டு நீட்டப்படுகிறது. நூறு பேர் விழுங்கினால் அம்மூன்றாண்டுகளில் தப்புவோர் பதினைந்து பேர். நாற்பத்தைந்து பேருக்கு மருந்தின்றியும் நோய் வந்திராது. தாம் எந்தப் பிரிவினர் என்பதை ஒருவரும் அறியார். இக்கணக்கைக் கேட்ட பின் ஒருவர் "தாருங்கள்" என்றாலும், "சிறிது காலம் நடந்து பார்க்கிறேன்" என்றாலும் அது அவரது முடிவு. கேளாமலே சீட்டைப் பெற்றவரோ, "எனக்குச் சர்க்கரை நோய்" என்று அன்றிரவே வீட்டில் சொல்லிவிடுகிறார்.